வலது காதில் மட்டும் இரைச்சல் நிற்கவில்லை, டாக்டர்

கடிதத்தின் சுருக்கம்

பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஆலையின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் நீக்கிவிட்டோம். ஒன்பது ஆண்டுகளாகச் செம்பனை ஆலையில் பாய்லர் பகுதியில் ஷிப்ட் வேலை செய்கிறார். வார இறுதிகளில் நண்பர்களுடைய உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறார். திருவிழாக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்கூட வாசிப்பு இருக்குமாம்.

ஊர்த் திடலில் நடந்த திறந்தவெளி இசை நிகழ்ச்சியில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். ஸ்பீக்கர் அடுக்கு அவருக்கு வலப்பக்கம், பத்தடி தூரத்தில். காதில் பஞ்சு வைத்திருந்தார். வீடு திரும்பும்போது இரண்டு காதிலும் "ஙொய்" என்று இரைச்சல், பேச்சும் மந்தமாகக் கேட்டது. மூன்றாம் நாள் இடது காது சரியாகிவிட்டது. எழுதிய நாளன்று நிகழ்ச்சி முடிந்து ஒன்பது நாள். வலது காதில் இரைச்சல் இன்னும் நிற்கவில்லை. போனை அந்தப் பக்கம் வைத்தால் பேச்சு தெளிவில்லை.

"ஆலையில் இருந்து இருந்து என் காது சத்தத்துக்குப் பழகிவிட்டது. போன வருஷம் கம்பெனி எடுத்த டெஸ்ட் நார்மல். நிகழ்ச்சியில் போன் ஆப்பில் பார்த்தேன், 92தான் காட்டியது. அம்மா பூண்டு எண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார். மனைவி உறுமியை விடு என்கிறார். கம்பெனியில் சொன்னால் பாய்லரிலிருந்து மாற்றிவிடுவார்கள், ஓவர்டைம் போய்விடும். சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) கேட்க முடியுமா? டிசம்பரில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஐந்து வயது மகளையும் கூட்டிப் போகலாமா? எங்கள் கோயில் திருவிழாக் குழுவில் நானும் இருக்கிறேன். சவுண்டைக் குறைக்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை." இவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்பரே,

கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தோம்: நாளைக்கே காதைக் காட்டுங்கள். அந்த அவசரத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மற்ற கேள்விகள் ஒரு வாரம் பொறுக்கும். வலது காது பொறுக்காது.

வலது காதுக்கு நாள் கணக்கு உண்டு

பலத்த சத்தத்துக்குப் பிறகு காது மந்தமாவதும் இரைவதும் பொதுவாக ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். இடது காதில் அப்படித்தான் நடந்தது. வலது காதில் ஒன்பது நாளாகியும் இரைச்சலும் பேச்சுத் தெளிவின்மையும் சேர்ந்து நிற்கின்றன. ஸ்பீக்கர் அந்தப் பக்கம்தான் இருந்தது என்பது பொருத்தமான விளக்கம். ஆனால் அந்த விளக்கத்தோடு திருப்திப்பட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஒரு காதில் மட்டும் இரைச்சலும் கேட்புக் குறைவும் இருந்தால் அழுக்கு அடைத்திருக்கலாம், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம், உள்காதில் திடீர்ச் செவித்திறன் இழப்பு ஏற்பட்டிருக்கலாம். மிக அரிதாகச் செவி நரம்பில் வளரும் கட்டியாகவும் இருக்கும். இவற்றில் எது என்பதைப் பார்த்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும்.

திடீர்ச் செவித்திறன் இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரை தரலாமா என்று மருத்துவர் யோசிப்பார். முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்லது. இரண்டு வாரம் வரை முயன்று பார்ப்பது வழக்கம், அதற்குப் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். சத்தத்தால் வந்த பாதிப்பில் இந்த மருந்தின் பலன் அவ்வளவு உறுதியானதல்ல. இருந்தாலும் முடிவை மருத்துவர் எடுக்கட்டும். மருந்துக் கடையில் நீங்களே வாங்கிச் சாப்பிடாதீர்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வயிற்றுப் புண் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் ஊர் அரசு கிளினிக். ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். காதுக்குள் பார்த்துவிட்டு, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். "காது இரையுது" என்று மட்டும் சொன்னால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். "இத்தனையாம் தேதி பெரிய சத்தத்துக்குப் பிறகு வலது காதில் கேட்பது குறைந்திருக்கிறது, இன்னும் சரியாகவில்லை" என்று தேதியோடு சொல்லுங்கள். அங்கே எடுக்கும் ஆடியோகிராமில் (செவிச்சோதனை வரைபடத்தில்) 3000, 4000, 6000, 8000 ஹெர்ட்ஸ் என்ற உயர் ஒலிகளுக்கான எண்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு முந்திய 14 மணி நேரம் பாய்லர், உறுமி, இயர்போன் எதுவும் வேண்டாம். சத்தத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்தால் தற்காலிக மந்தமும் கணக்கில் ஏறி, எது நிலையான பாதிப்பு என்று பிரிக்க முடியாமல் போகும்.

பூண்டு எண்ணெயைத் தயவுசெய்து விடாதீர்கள். சத்தத்தால் வரும் பாதிப்பு இருப்பது செவிப்பறைக்கும் அப்பால், எலும்புக்குள் இருக்கும் உள்காதில். வெளிக்காதில் விடும் எண்ணெய் அங்கே போகாது. சூடு தவறினால் தோல் வெந்துவிடும்; செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதில் சீழ் பிடிக்கும். அம்மாவிடம் "டாக்டர் எதையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டார்" என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். காது குடையும் பட்ஸுக்கும் இதே பதில்தான்.

இரவில் இரைச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் அறையை முழு அமைதியாக வைக்காதீர்கள். மின்விசிறியோ மெல்லிய மழைச் சத்தமோ பின்னணியில் ஓடட்டும். அமைதியில் மூளை அந்த இரைச்சலையே தேடிப் பிடிக்கும்.

காது பழகுவதில்லை

உள்காதில் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அசைவை நரம்புக்கான செய்தியாக மாற்றுவது இவைதான். மனிதரில் இவை ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. முன்பு தாங்க முடியாத பாய்லர் சத்தம் இப்போது உறைப்பதில்லை என்றால், காது பலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மனம் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றிருக்கலாம். அல்லது அந்தச் சத்தத்தைக் கேட்கும் திறனே கொஞ்சம் போயிருக்கலாம்.

சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸுக்குள், அதிலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி, ஆடியோகிராமில் ஒரு பள்ளமாகத் தெரியும். இதனால்தான் "போன வருஷம் நார்மல்" என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. செவிக்குறைபாட்டைக் கணக்கிடும் சராசரி பெரும்பாலும் 500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையான எண்களைக் கொண்டது. அந்தச் சராசரி நன்றாக இருந்து, 4000இல் மட்டும் 40 டெசிபல் பள்ளம் இருக்கும் அறிக்கைகள் உண்டு. கம்பெனியிடம் "நார்மல்" என்ற சொல்லைக் கேட்காதீர்கள். ஒன்பது ஆண்டு ஆடியோகிராம் பிரதிகளைக் கேளுங்கள். ஒவ்வொரு ஆண்டின் 4000 எண்ணையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் சரிவு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

"இடது காது மூன்று நாளில் சரியாகிவிட்டது" என்பதிலும் ஒரு சிறு திருத்தம். 2009இல் ஷாரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் இருவரும் பாஸ்டனில் எலிகளை வைத்து நடத்திய ஆய்வில், சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழையபடி திரும்பியது. ஆனால் மயிர் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பகுதி அழிந்துபோயிருந்தது. மனிதருக்கு இது எந்த அளவில் பொருந்தும் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் அமைதியான அறையில் நன்றாகக் கேட்டு, கல்யாண மண்டபச் சலசலப்பில் மட்டும் பேச்சைப் பிரிக்க முடியாமல் தவிப்பவர்களை இது ஓரளவு விளக்குகிறது.

92 என்பது பாதுகாப்பான எண் அல்ல

இங்கேதான் கொஞ்சம் கணக்கு வேண்டும். டெசிபல் என்பது கிலோ, மீட்டர் போல நேராக ஏறும் அளவு அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். காது தாங்கும் நேரம் பாதியாகும். வேலையிடத்துக்கு வைத்திருக்கும் எல்லை 85 டெசிபல், 8 மணி நேரம். அப்படியென்றால் 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு அரை மணி, 100க்கு 15 நிமிடம்.

ஆப் காட்டிய 92ஐ அப்படியே நம்பினாலும், அன்றைய அளவு ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. நீங்கள் மூன்று மணி நேரம் இருந்தீர்கள். அதோடு அந்த 92ஐ நீங்கள் அளந்தது நாசி லெமாக் கடையோரம், திடலின் பின்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். திறந்தவெளியில் தூரம் பாதியாகக் குறைந்தால் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். 40 மீட்டரில் 92 என்றால் 20 மீட்டரில் 98, 10 மீட்டரில் 104. பத்தடி என்பது மூன்று மீட்டர். அவ்வளவு அருகில், பல பெட்டிகள் அடுக்கியிருக்கும்போது இந்தக் கணக்கு நூல் பிடித்தாற்போல் வராது. ஆனால் 104க்குக் கீழே இறங்கியிருக்காது. 104 டெசிபலுக்குரிய நேரம் 6 நிமிடம். முதல் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அன்றைய கணக்கு முடிந்துபோனது.

போன் ஆப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மிகப் பலத்த சத்தத்தில் அது தானாகவே அமுக்கிக்கொள்ளும், அதனால் எண் குறைவாகத் தெரியும். அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் வெளியிட்ட இலவச ஆப் ஐபோனில் ஓரளவு நம்பகமாக அளக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு போனும் ஒரு கதை சொல்லும். எதுவாக இருந்தாலும் நீங்கள் நிற்கும் இடத்தில் அளந்தால்தான் பயன்.

ஒரே ஒரு கச்சேரி பொதுவாக ஒருவரைச் செவிடாக்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 85 டெசிபல் எல்லை நாள்தோறும் பல்லாண்டு வேலை செய்பவருக்காக வைத்தது. கச்சேரிக்கு வருடத்துக்கு இரண்டு முறை போகும் ஓர் ஆசிரியரிடம் நான் இவ்வளவு பேசமாட்டேன். உங்கள் நிலைமை வேறு. பாய்லர், உறுமி, ஸ்பீக்கர் மூன்றும் மளிகைக்கடைப் பற்று நோட்டில் எழுதுவதுபோல் உங்கள் காதின் ஒரே கணக்கில் சேர்கின்றன. நீங்கள் விட வேண்டும் என்று மனைவி சொல்வது உறுமியை. நீங்கள் சந்தேகப்படுவது கச்சேரியை. வாரத்துக்கு 48 மணி நேரம் சத்தம் தருவது ஆலை. குறைக்கிற வேலையை அங்கிருந்து தொடங்குவதுதான் எளிது, செலவும் இல்லை.

இயர்பிளக் போட்டும் பயனில்லாமல் போவது எதனால்

பஞ்சை முதலில் விட்டுவிடுங்கள். அது தடுப்பது சில டெசிபல்தான். "ஏதோ வைத்திருக்கிறோம்" என்ற தைரியத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நிற்க வைத்துவிடும் என்பதால், பஞ்சு இல்லாமல் இருப்பதே மேல் என்றுகூடச் சொல்வேன்.

ஆலை தரும் நுரை இயர்பிளக்கின் உறையில் என்.ஆர்.ஆர். (சத்தத்தைக் குறைக்கும் அளவு) 29 என்று போட்டிருக்கும். அது ஆய்வுக்கூடத்தில் நன்றாகப் பொருத்திய காதின் எண். நடைமுறைக்கு அதில் 7ஐக் கழித்துப் பாதியாக்குங்கள்: 11 டெசிபல். பாய்லர் அருகே 92 இருந்தால் காதுக்குப் போவது 81. அதுவே போதுமானது. ஆனால் "சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்க வேண்டும் என்று பாதிதான் சொருகுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சொருகினால் அந்த 11 கூடக் கிடைக்காது. இன்னொன்று: ஷிப்டில் பாதி நேரம் கழற்றி வைத்தால், எவ்வளவு விலையுயர்ந்த இயர்பிளக்காக இருந்தாலும் அன்றைக்குக் கிடைக்கும் மொத்தப் பாதுகாப்பு வெறும் 3 டெசிபல்தான். கழற்றிய பாதி நேரம் முழுச் சத்தமும் உள்ளே போய்விடுவதால், போட்டிருந்த பாதியால் அதை ஈடுகட்ட முடியாது.

போடும் முறை: கையைக் கழுவுங்கள். நுரையை விரல் நுனிகளால் மெல்லிய குச்சிபோல் மடிப்பில்லாமல் உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள், அப்போதுதான் துவாரம் நேராகும். உள்ளே தள்ளி, விரலை எடுக்காமல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நுரை விரிந்து நிரம்பியதும் உங்கள் குரலே தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்க வேண்டும். எதிரே நிற்பவர் நேராகப் பார்க்கும்போது இயர்பிளக்கின் முனை அதிகம் தெரிந்தால் அது உள்ளே போகவில்லை. அழுக்கான நுரையைத் தூக்கிப் போடுங்கள், கழுவி மீண்டும் பயன்படுத்த முடியாது.

உறுமிக்கும் கச்சேரிக்கும் நுரை ஏற்றதல்ல. உயர் ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவும் அது வெட்டும். ஜால்ராவின் கூர்மை போய், கும்மென்ற இரைச்சல் மட்டும் மிஞ்சும். தாளம் தெளிவில்லை என்று வாசிப்பவர் இன்னும் ஓங்கி அடிப்பார், அல்லது ஒரு காதில் கழற்றிவிடுவார். இசைக்கலைஞர்களுக்கென்று செய்யும் இயர்பிளக் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பாட்டு அதேதான், சத்தம் மட்டும் சிறியது. மூன்றடுக்கு ரப்பர் வளையம் வைத்த ரகம் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. காதின் அச்சு எடுத்துச் செய்வதில் 9, 15, 25 டெசிபல் என்று வடிகட்டி மாற்றிக்கொள்ளலாம். அதற்குச் சில நூறு வெள்ளி ஆகும். வாரந்தோறும் வாசிக்கும் உங்களுக்கு 15 டெசிபல் வடிகட்டி போதும். முதல் இரண்டு ஒத்திகையில் தாளம் தள்ளி நிற்பதுபோல் தோன்றும்; அதனால் முக்கியமான ஊர்வலத்தன்று முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

ஒத்திகை நடக்கும் இடத்தையும் மாற்றுங்கள். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள கொட்டகையில் சத்தம் வெளியே போக வழியில்லாமல் திரும்பித் திரும்பிக் காதுக்கே வரும். அதே வாசிப்பைத் திடலில் வைத்தால் கணிசமாகக் குறையும். வரிசையில் ஜால்ரா அடிப்பவரின் கைக்கு நேரே உங்கள் காது இருந்தால் ஓரடி நகர்ந்து நில்லுங்கள். ஜால்ராவின் ஒலி விழுவது காது மிக எளிதில் பாதிக்கப்படும் அந்த உயர் அலைவரிசைகளில்தான்.

ஆலை, ஓவர்டைம், சொக்சோ

மலேசியாவில் 2019 ஜூன் 1 முதல் நடப்பிலிருக்கும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இரைச்சல் விதிகளின்படி, நாளுக்கு 85 டெசிபல்தான் எல்லை. முன்பிருந்த 1989 விதிகளில் அது 90. 82ஐத் தாண்டினாலே அது அளவுக்கு மீறிய இரைச்சல் என்று கருதி முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். தகுதி பெற்றவரைக் கொண்டு இரைச்சலை மதிப்பிடுவது, இலவசமாகக் காதுப் பாதுகாப்பு தருவது, 85ஐத் தாண்டும் வேலையில் இருப்பவருக்கு ஆண்டுதோறும் தன் செலவில் செவிச்சோதனை எடுப்பது எல்லாம் அவர் கடமை. தந்ததைச் சரியாகப் போடுவது சட்டப்படி உங்கள் கடமை. பாதி சொருகும் பழக்கம் பின்னால் உங்களுக்கே எதிராக வந்து நிற்கும்.

கம்பெனியில் சொல்வதா வேண்டாமா? 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னதற்காக ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்கவோ வேலையில் தண்டிக்கவோ கூடாது என்கிறது. ஆனால் மருத்துவக் காரணத்துக்காகச் சத்தம் குறைந்த பிரிவுக்கு மாற்றினால், அதே ஓவர்டைம் தொடரும் என்று நான் உறுதி தர முடியாது. அந்த இழப்பு உண்மையானதுதான். எதிர்ப்பக்கத்தையும் வைத்துப் பாருங்கள்: சொல்லாமல் இருந்து, 45 வயதில் இரண்டு காதும் போனபின் பாய்லர் அறையில் அபாய மணி கேட்காத ஆளாக நிற்பதும் வேலைக்கே ஆபத்து. மாற்றலுக்கு முன் கேட்க வேண்டிய வேறு வழிகளும் உண்டு. நீராவி வெளியேறும் குழாய்க்குச் சைலன்சர், கட்டுப்பாட்டு அறையை மூடி வைப்பது, ஷிப்டை இரண்டாகப் பிரித்துச் சத்தமான பகுதியில் முறை மாற்றி நிற்பது. பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதியையோ சங்கத்தையோ கூட்டிக்கொண்டு போய், எழுத்தில் கேளுங்கள்.

சொக்சோவைப் பொறுத்தவரை, வேலையிடத்துச் சத்தத்தால் வந்த செவியிழப்பு தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, விண்ணப்பிக்கலாம். கச்சேரியால் வந்தது அந்தப் பட்டியலில் வராது. கச்சேரியையும் உறுமியையும் மறைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மருத்துவர் அதைக் கட்டாயம் விசாரிப்பார். ஒரு காதில் மட்டும் திடீரென்று விழுந்த இழப்பையும், இரண்டு காதிலும் ஒன்பது ஆண்டில் மெல்ல இறங்கிய சரிவையும் ஆடியோகிராம் பெரும்பாலும் தனித்தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்குச் சேர வேண்டியது அந்த இரண்டாவது. அதற்குத்தான் பழைய பிரதிகள் எல்லாம் வேண்டும் என்றேன்.

இன்னொரு தவறான எண்ணம்: ஆலைக்கு இருப்பதுபோல் கச்சேரிக்கும் 85 வரம்பு உண்டு என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த விதிகள் தொழிலாளிக்கானவை. மேடையில் வேலை பார்க்கும் சவுண்டு ஆட்களுக்குப் பொருந்தும், டிக்கெட் வாங்கிய உங்களுக்குப் பொருந்தாது. உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட தரநிலை, பார்வையாளர் பகுதியில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அளந்துகொண்டே இருக்க வேண்டும், இயர்பிளக் கிடைக்க வேண்டும், சத்தம் குறைந்த ஓய்விடம் வேண்டும் என்கிறது. அது பரிந்துரைதான், சட்டம் அல்ல.

மகளும் டிசம்பரும்

பிரான்சில் சட்டமே உண்டு: பொது நிகழ்ச்சிகளுக்கு 15 நிமிடச் சராசரி 102, ஆறு வயது வரையான குழந்தைகளுக்கென்று நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு 94. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரியவர் கச்சேரி ஏற்றதல்ல என்பதே என் கருத்து. குறிப்பாக மூடிய அரங்கம். புக்கிட் ஜாலிலில் இருப்பதுபோன்ற உள்ளரங்குகளில், திடலைப்போல் பின்னால் போகப் போகச் சத்தம் குறைந்துகொண்டே வராது. சுவரும் கூரையும் திருப்பி அனுப்பும் ஒலி எங்கும் நிரம்பும். மேல் இருக்கைகளுக்கு நேராகவே தொங்கும் ஸ்பீக்கர்கள் இருக்கும்.

டிக்கெட் வாங்கியாகிவிட்டது, மகளும் ஆசையாக இருக்கிறாள் என்றால், குழந்தை அளவில் செய்த இயர்மஃப் கட்டாயம். நுரை இயர்பிளக் சின்னத் துவாரத்தில் சரியாக நிற்காது. பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இயர்மஃப்பின் குஷன் காதைச் சுற்றி முழுவதும் படிய வேண்டும். முடிப்பூ, ஜிமிக்கி, கண்ணாடிக் காம்பு எது இடையில் சிக்கினாலும் அந்த இடைவெளி வழியாகச் சத்தம் உள்ளே போகும். வீட்டிலேயே தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழக்குங்கள். அன்றைக்கு முதன்முறையாகப் போட்டால் பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடுவாள். ஸ்பீக்கருக்கு நேராக இல்லாத இருக்கை, அரை மணிக்கு ஒருமுறை வெளி நடைவழியில் பத்து நிமிடம், இடைவேளையோடு வீடு. "காது வலிக்குது" என்றோ காதைப் பொத்திக்கொண்டோ இருந்தால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்களும் அதே நாளில் போவதாக இருந்தால், முன்தினம் உறுமி ஒத்திகை வேண்டாம், மறுநாள் பகல் ஷிப்டும் வேண்டாம். 15 டெசிபல் இயர்பிளக்கை அரங்குக்குள் நுழையும் முன்பே போடுங்கள். சத்தம் தொடங்கியபின் போட்டால் மந்தமாகத் தோன்றும். உங்கள் வலது காதின் சோதனை முடிவு வரும்வரை எந்த நிகழ்ச்சியும் வேண்டாம்.

திருவிழாக் குழுவில் என்ன சொல்லலாம்

"சவுண்டைக் குறை" என்றால் சவுண்டுக்காரர் ஒரு நிமிடம் குறைத்துவிட்டு மீண்டும் ஏற்றுவார். அவர் மேல் குற்றமில்லை. ஒரு மணி நேரம் சத்தத்தில் நின்றால் அவர் காதும் மந்தமாகி, முதலில் உயர் ஒலிகளை இழக்கும். பாட்டு மங்கிவிட்டது என்று டிரெபிளை ஏற்றுவார், பிறகு மொத்தத்தையும். அதனால் எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். ஒப்பந்தம் எழுதும்போதே "சவுண்டுப் பலகை இடத்தில் 15 நிமிடச் சராசரி 95" என்று எழுதிவிட்டு, 'கிளாஸ் 2' ரக ஒலிமானி (சத்தம் அளக்கும் கருவி) ஒன்றை அங்கேயே வைத்து, குழுவில் ஒருவர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். சத்தம் மேலே ஏறாமல் தடுக்கும் லிமிட்டரை அந்த எண்ணுக்குப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பெட்டிகளின் இடம். ஸ்பீக்கரைத் தரையில் நிற்க வைத்தால் முன்வரிசைக் காதுக்கு நேராக அடிக்கும், பின்வரிசைக்குக் கேட்காது. பின்வரிசைக்காக ஏற்றினால் முன்வரிசைக்குப் பாதிப்பு. அதையே தலைக்கு மேல் உயர்த்தி, பின்பக்கம் நோக்கிச் சற்றே சாய்த்தால் இரண்டு வரிசைக்கும் இடையிலான வித்தியாசம் குறையும். நீளமான திடலாக இருந்தால் நடுவில் இரண்டு சிறு பெட்டிகள் வைத்து, முன்பெட்டிகளை இறக்கலாம். தாழ்ந்த ஒலி தரும் சப் பெட்டிகளுக்கு முன்னால் மூன்று மீட்டராவது கயிறு கட்டுங்கள். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பெட்டியின் மேலேயே சாய்ந்து நிற்பது எல்லாத் திருவிழாவிலும் நடக்கிறது. தண்ணீர்ப் பந்தலில் ஒரு பெட்டி நுரை இயர்பிளக்கும் வையுங்கள். ஒரு சோடி ஒரு வெள்ளிகூட ஆகாது.

மனைவியின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உறுமியை விட வேண்டுமா என்பதை இந்தக் கடிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஈப்போவில் எடுக்கும் ஆடியோகிராம் முதல் எண். ஆலையில் இயர்பிளக்கை முழுதாகச் சொருகி, ஒத்திகையில் 15 டெசிபல் வடிகட்டியோடு மூன்று மாதம் கழிந்தபின் எடுக்கும் சோதனை இரண்டாவது எண். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸின் சராசரி இந்த இரண்டுக்கும் இடையில் 10 டெசிபலோ அதற்கு மேலோ மோசமாகியிருந்தால் (எண் கூடினால் கேட்பு குறைந்தது என்று அர்த்தம்) மனைவி பக்கம் நானும் நிற்பேன். மோசமாகாமல் இருந்தால் வாசியுங்கள். இரண்டு அறிக்கையும், ஆலையின் பழைய பிரதிகளும் கைக்கு வந்ததும் படமெடுத்து அனுப்புங்கள்.